வேகனின் கனம் பார்த்து வேகம்: ஓப்பன் டிடிடி விளையாட்டில் முதல் வேகன் எழுதுபவர்களுக்கு

காட்பாடி சந்திப்பின் நடைமேடைக் கடைசியில், கூரை முடிகிற இடத்தில், ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில் வரும்போது ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் தண்டவாளம் லேசாக அமுங்கி எழுவது கண்ணுக்கே தெரியும். ஓசை அடர்த்தியாக, தாழ்ந்து இருக்கும். அதே வகை வேகன்கள் காலியாகத் திரும்பும்போது ஓசையே வேறு. வெறும் தகரப் பெட்டி அதிர்வதுபோல் கடகடவென்று கத்திக்கொண்டு, ஏற்றிய ரயிலைவிட விரைவாகக் கடந்து போகும்.

ஓப்பன் டிடிடி விளையாட்டில் இந்த வேறுபாடு தானாக வராது. ஒரு வேகனுக்கு ஒரு வேக வரம்பு என்று எழுதிவிட்டால், வயிறு நிறைந்தாலும் காய்ந்தாலும் அதே வரம்புதான். இதை மாற்றலாம். அதற்கு வேகனுக்கென்று ஒரு சிறிய தொகுப்பு எழுத வேண்டும். முன்பின் நிரல் எழுதிப் பழக்கமில்லாதவரும் இரண்டு மாலைகளில் எழுதிவிடக்கூடிய அளவுதான். ஆனால் எழுதும் விதியைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலரும் வேகன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அது எவ்வளவு கனக்கிறது என்பதை. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே நகரும்.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கிறிஸ் சாயர் உருவாக்கி 1995இல் வந்த டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ் விளையாட்டை அடியொற்றி, 2004 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவருவது ஓப்பன் டிடிடி. இலவசம். சாதாரண மடிக்கணினியே தாராளம். இதில் புதிய ரயில்களையும் வேகன்களையும் சேர்க்கும் தொகுப்புகளுக்கு நியூஜிஆர்எஃப் என்று பெயர். அவற்றை எழுத என்எம்எல் என்ற எளிய மொழி இருக்கிறது. இனி வரும் என்எம்எல் சொற்களை ஒலிப்புப்படி தமிழில் தருகிறேன். கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் உண்மையான வேகன்

கணினியைத் திறப்பதற்கு முன் கையில் சில எண்கள் வேண்டும். நம் பாதைகளில் பல ஆண்டுகளாக ஓடும் திறந்த வேகன் பாக்ஸ்-என். அதன் வெற்று எடை 22.47 டன். ஏற்றக்கூடிய சுமை 58.81 டன். இரண்டையும் கூட்டினால் 81.28 டன். வேகனுக்கு நான்கு அச்சுகள் என்பதால் ஓர் அச்சின் மேல் 20.32 டன் விழுகிறது. இதை அச்சுச்சுமை என்போம். தண்டவாளமும் பாலமும் அறிந்த எண் இதுதான். உள்ளே இருப்பது நிலக்கரியா நெல்லா என்பது அவற்றுக்குத் தெரியாது.

வேகன் காலியாக இருந்தால் அச்சுக்கு 5.6 டன் அளவுதான். ஒரே வண்டியில் ஏறக்குறைய நான்கு மடங்கு வேறுபாடு. பிரேக் பிடிக்கும்போது இது பெரிய விஷயம். ஏற்றிய வேகனுக்குப் போதுமான பிரேக் விசையைக் காலி வேகனுக்கும் கொடுத்தால் சக்கரம் சுழலாமல் வழுக்கி, தேய்ந்து தட்டையாகும். காலி வேகனுக்கு ஏற்ற விசையை ஏற்றிய வேகனுக்குக் கொடுத்தால் ரயில் நிற்க வெகு தூரம் பிடிக்கும். அதனால் பாக்ஸ்-என் வேகனின் பக்கவாட்டில், அடிச்சட்டத்தை ஒட்டி, ஒரு கைப்பிடி இருக்கும். காலி, சுமை என்று இரண்டு நிலை. ஏற்றி முடித்ததும் ஊழியர் ஒருவர் வேகன் வேகனாக நடந்து அதைத் திருப்பிவிடுவார். அடுத்த முறை சரக்கு ரயில் லூப் லைனில், அதாவது மற்ற ரயில்களுக்கு வழிவிட ஒதுங்கும் பக்கத் தடத்தில், நிற்கும்போது நடைமேடையில் இருந்தபடியே அதைத் தேடிப் பாருங்கள். நாம் விளையாட்டில் எழுதப்போவது அந்தக் கைப்பிடி செய்யும் வேலையின் உறவுக்காரன்தான்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. காலி என்றால் எப்போதும் வேகமாக ஓடலாம் என்று பொருள் அல்ல. கனம் குறைந்த சக்கரம் தண்டவாளத்தின் விளிம்பில் ஏறித் தடம்புரளும் வாய்ப்பு கூடுதல். பழைய இரண்டு அச்சு வேகன்கள் காலியாக விரைந்தால் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். உங்கள் விளையாட்டில் பழைய காலத்து வேகன் வைப்பதாக இருந்தால் காலி நிலைக்கும் தாழ்ந்த வரம்பே கொடுங்கள். கீழே நான் தருவது நான்கு அச்சு, போகி (அச்சுகளைத் தாங்கித் திரும்பும் சட்டம்) வைத்த வேகனுக்கான கணக்கு.

விளையாட்டு எப்படி யோசிக்கிறது

ரயிலின் உச்ச வேகம் என்பது எஞ்சினின் வரம்பு, ஒவ்வொரு வேகனின் வரம்பு ஆகிய எல்லாவற்றிலும் சிறியது. ஐம்பது வேகன்களில் ஒன்றே ஒன்று 75 என்று சொன்னாலும் முழு ரயிலும் 75தான். வேகனின் வரம்பு பூஜ்யம் என்று இருந்தால் வரம்பே இல்லை என்று பொருள். விளையாட்டோடு வரும் மூல வேகன்களுக்கு வரம்பு இல்லாததால்தான், எதை மாட்டினாலும் எஞ்சின் தன் போக்கில் ஓடுகிறது.

அமைப்புச் சாளரத்தில் வேகன் வேக வரம்பை இயக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. அது அணைந்திருந்தால் நீங்கள் எழுதும் எதுவும் பலிக்காது. மேலே உள்ள தேடல் பெட்டியில் வேகன் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அடித்தால் அந்தத் தேர்வு வந்துவிடும். அதை இயக்குங்கள். அங்கேயே ரயிலின் முடுக்க முறையை மூல முறையிலிருந்து இயல்பான முறைக்கு மாற்றுங்கள். வேக அலகை மெட்ரிக் ஆக்குங்கள். மைல் கணக்கில் பார்த்துக்கொண்டு கிலோமீட்டரில் எழுதினால் முதல் நாளே குழம்பும்.

சரக்கு எடைப் பெருக்கி என்று இன்னொரு அமைப்பும் கண்ணில் படும். அது எஞ்சின் இழுக்கப் படும் பாட்டைக் கூட்டுகிறது. நம் விதியின் கணக்குக்குள் அது நுழையாது. தொடக்கத்தில் ஒன்றிலேயே விட்டுவிடுங்கள்.

கருவிகளும் கோப்புறையும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பைத்தான் என்ற நிரல் மொழியை நிறுவிய கணினியில், அதோடு வரும் பிப் கட்டளை மூலம் என்எம்எல் நிறுவலாம். சாதாரண உரைத் திருத்தி ஒன்று போதும். ஒரு கோப்புறையில் உங்கள் முதன்மைக் கோப்பு, பெயர்ச் சொற்கள் இருக்கும் லேங் கோப்புறை, படங்கள் இருக்கும் கோப்புறை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். வெறும் தாளில் தொடங்க வேண்டாம். என்எம்எல் மூலத்தோடு எடுத்துக்காட்டுகள் வருகின்றன. அவற்றில் ரயிலுக்கான எடுத்துக்காட்டைப் பிரதி எடுத்து, அது எந்த மாற்றமும் இல்லாமல் உங்கள் கணினியில் தொகுக்கப்படுகிறதா, அதாவது விளையாட்டு படிக்கும் கோப்பாக மாறுகிறதா என்று முதலில் பாருங்கள். தொகுத்துக் கிடைக்கும் கோப்பை, ஆவணங்கள் கோப்புறையில் ஓப்பன் டிடிடி என்பதற்குள் இருக்கும் நியூஜிஆர்எஃப் கோப்புறையில் போட வேண்டும். பிறகு விளையாட்டின் முதல் திரையில் நியூஜிஆர்எஃப் அமைப்புக்குள் போய் அதைச் செயல்படும் பட்டியலுக்கு நகர்த்துங்கள். அந்த எடுத்துக்காட்டு ரயில் பணிமனையில் விற்பனைக்கு வந்துவிட்டால், பாதி வேலை முடிந்தது.

அதன்பின் தொகுப்பின் நான்கு எழுத்து அடையாளத்தை உங்களுடையதாக மாற்றுங்கள். வேறு தொகுப்பின் அடையாளத்தோடு மோதினால் இரண்டில் ஒன்றுதான் வேலை செய்யும். படம் வரைவதில் நேரத்தைப் போக்க வேண்டாம். முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் வேகனுக்கு நான்கு திசைப் படங்களே போதும். பழுப்புச் சதுரப் பெட்டியாக வரைந்தாலும் இப்போதைக்கு ஆகட்டும்.

வேகனின் அடிப்படைப் பண்புகள்

பண்புகள் எழுதும் பகுதியில் பவர் பூஜ்யம் என்று இருக்க வேண்டும். அப்போதுதான் விளையாட்டு இதை எஞ்சினாக அல்லாமல் வேகனாக எடுத்துக்கொள்ளும். வெயிட் என்பதில் 22 டன். முழு எண்தான் எடுக்கும் என்பதால் 22.47 என்பதை இப்படிச் சுருக்குகிறோம். கார்கோ_கெப்பாசிட்டி 59. ஸ்பீட் 100.

இங்கே 100 என்று எழுதுவது காலி வேகனுக்கான வரம்பு. அடிப்படைப் பண்பில் எப்போதும் உச்ச எண்ணை வைத்து, விதியின் வழியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பிறகு யாராவது உங்கள் கோப்பைப் படித்தால், இந்த வண்டி அதிகபட்சம் என்ன செய்யும் என்பது முதல் பார்வையிலேயே தெரியும். 100, 90, 75 என்ற மூன்று எண்களும் விளையாட்டுக்காக நான் தேர்ந்தவை. உங்கள் வரைபடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

விதியை எழுதுவது

என் அக்கா மகனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது அவன் முதலில் எழுதியது சதவீத விதி. ஏற்றிய அளவை நூறால் பெருக்கிக் கொள்ளளவால் வகுப்பது. பாதிக்கு மேல் என்றால் 75, இல்லையென்றால் 100. நிலக்கரி ரயிலில் அழகாக வேலை செய்தது. பிறகு ஆம்பூரிலிருந்து தோல் பொருள்களை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் விட்டான். அதுவும் நிலக்கரி ரயிலைப் போலவே 75இல் ஊர்ந்தது.

“பெட்டி நிரம்பித்தானே இருக்கிறது மாமா? அப்புறம் மெதுவாகப் போவது சரிதானே?”

“ஒரு மூட்டை செருப்பைத் தூக்கு. அதே மூட்டையில் கரியை நிரப்பித் தூக்கு. இரண்டும் நிரம்பிய மூட்டைதான்.”

விளையாட்டுக்கும் இது தெரியும். ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் அலகின் எடை என்ன என்று அது தனியாக வைத்திருக்கிறது. பதினாறில் ஒரு பங்கு டன் என்ற அளவில் அந்த எண் இருக்கும். நிலக்கரி, தானியம், எண்ணெய், எஃகு ஆகியவற்றுக்கு 16, அதாவது அலகுக்கு முழு டன். பெட்டிச் சரக்குக்கு 8, அதாவது அரை டன். தபாலுக்கு 4. கால்நடைக்கு 3. பயணிக்கு 1. இந்த எண்ணைத் தரும் மாறியின் பெயர் கார்கோ_யூனிட்_வெயிட். வேகனில் இப்போது எத்தனை அலகு இருக்கிறது என்று சொல்வது கார்கோ_கவுண்ட். இந்த இரண்டும் கையில் இருந்தால் அச்சுச்சுமையையே கணக்கிடலாம்:

அச்சுச்சுமை = (22 + கார்கோ_கவுண்ட் × கார்கோ_யூனிட்_வெயிட் ÷ 16) ÷ 4

22 என்பது வேகனின் வெற்று எடை, 4 என்பது அச்சுகளின் எண்ணிக்கை. காலியாக இருந்தால் 22ஐ நான்கால் வகுத்து 5. இந்த மொழியில் பின்னம் கிடையாது, தசமப் பகுதி உதிர்ந்துவிடும். 59 டன் நிலக்கரி இருந்தால் 81ஐ நான்கால் வகுத்து 20. நடைமேடையில் கண்ட வேகனின் எண்ணே வந்துவிட்டது. பாதி நிலக்கரி, அதாவது 29 டன் இருந்தால் 51ஐ வகுத்து 12.

ஆம்பூர் ரயிலுக்குத் தனியாக ஒரு மூடிய வேகன் செய்தோம். விளையாட்டுக்கென்று வெற்று எடை 26, கொள்ளளவு 60 என்று வைத்துக்கொண்டோம். அறுபது பெட்டிகள் ஏற்றினால் முப்பது டன். 26ஐச் சேர்த்தால் 56, நான்கால் வகுத்தால் 14. வேகன் முழுக்க நிரம்பிவிட்டது, ஆனால் கனத்தில் அது பாதி நிலக்கரி வேகனின் பக்கத்தில்தான் நிற்கிறது. சதவீத விதிக்கு இது ஒருநாளும் தெரியாது. திறந்த வேகனையே பெட்டிச் சரக்குக்கு மாற்றிப் பயன்படுத்தவும் முடியும். ஆனால் அப்போது விளையாட்டு கொள்ளளவையும் மாற்றிவிடும், கணக்கைச் சரிபார்ப்பது கடினமாகும். தொடக்கத்தில் இரண்டு வேகனாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சூத்திரத்தில் பெருக்கல் முதலில், வகுத்தல் பிறகு என்பதைக் கைவிடாதீர்கள். யாராவது அலகு எடையை முதலில் 16ஆல் வகுத்துவிட்டால், பெட்டிச் சரக்கின் 8 பூஜ்யமாகிவிடும். அறுபது பெட்டியும் காற்றைப் போல எடையற்றுப் போகும். நிலக்கரியில் 16ஐ 16ஆல் வகுத்தால் ஒன்று வருவதால் அங்கே பிழை தெரியவே தெரியாது. அதனால்தான் நிலக்கரியை மட்டும் வைத்துச் சோதிப்பது ஆபத்து.

இனி இதை ஸ்விட்ச் என்ற தொகுதிக்குள் வைக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் நான்கு விவரங்கள், காற்புள்ளி இட்டு: ரயில் வகை என்பதைச் சொல்லும் ஃபீட்_டிரெயின்ஸ், யாருடைய சுமை என்பதைச் சொல்லும் செல்ஃப், இந்த விதிக்கு நீங்கள் வைக்கும் பெயர், கடைசியாக மேலே உள்ள சூத்திரம். முதல் இரண்டும் பெரிய எழுத்தில், மாறிகள் சிறிய எழுத்தில். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, வகுத்தலுக்குச் சாய்கோடு. பிறகு நெளிவு அடைப்புக்குள் வரிகள்:

0 முதல் 7 வரை என்றால் திருப்பு 100
8 முதல் 15 வரை என்றால் திருப்பு 90
மற்ற எல்லாவற்றுக்கும் திருப்பு 75

வரை என்பதற்கு இரண்டு புள்ளிகள், திருப்பு என்பதற்கு ரிட்டர்ன், ஒவ்வொரு வரியின் முடிவிலும் அரைப்புள்ளி. மற்ற எல்லாவற்றுக்கும் என்ற வரியில் முன்னால் எண் எதுவும் வராது, ரிட்டர்ன் மட்டும்தான். அதைக் கடைசியில் வையுங்கள்.

செல்ஃப் என்ற இடத்தில் பேரன்ட் என்று எழுதும் தவறு அடிக்கடி நடக்கிறது. நானும் என் முதல் தொகுப்பில் அப்படித்தான் எழுதி ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன். பேரன்ட் என்றால் ரயிலின் தலைவண்டி, அதாவது எஞ்சின். எஞ்சினில் சரக்கு ஏது? எவ்வளவு ஏற்றினாலும் கணக்கு காலி என்றே வரும், வேகம் 100லேயே நிற்கும். தொகுப்பியும் பிழை காட்டாது, ஏனென்றால் இலக்கணப்படி அது சரியான வாக்கியம்.

விதியை எழுதியதோடு வேகனுக்கு அது தெரியாது. வேகனின் கிராஃபிக்ஸ் பகுதியில், ஸ்பீட் என்ற பெயருக்கு எதிரே உங்கள் விதியின் பெயரை எழுதுங்கள். அதற்குக் கீழே பர்ச்சேஸ்_ஸ்பீட் என்பதற்கு நேராக 100 என்று எழுதிவிடுங்கள். விற்பனைப் பட்டியலில் இருக்கும் வேகனுக்குச் சரக்கு என்று ஒன்று இல்லை, அங்கே சுமைக் கணக்கு போடச் சொல்வதில் பொருளில்லை. மூடிய வேகனுக்கு 26ஐ வைத்து இன்னொரு ஸ்விட்ச், வேறு பெயரில்.

வரம்பு எப்போது மாறும்

புதியவர்கள் கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில். விதி சரியாக இருக்கும், ரயில் மட்டும் கேட்காது.

ரயிலின் உச்ச வேகத்தை விளையாட்டு ஒவ்வொரு நொடியும் கணக்கிடுவதில்லை. ஒரு முறை கணக்கிட்டு, நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆயிரம் ரயில்கள் ஓடும் வரைபடத்தில் அப்படிச் செய்யாவிட்டால் கணினி திணறிவிடும். ரயில் பணிமனைக்குள் நுழையும்போது எல்லா வேகன்களிடமும் கேட்டு மறுபடி கணக்கிடுகிறது. சேமித்த ஆட்டத்தைத் திறக்கும்போதும் அப்படியே. ஆகவே ஏற்றி முடித்த நொடியில் வரம்பு மாறிவிடும் என்று நம்பி அமைக்காதீர்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு பணிமனைக்குள் போய்வரும்படி ஆர்டர் கொடுங்கள். இந்த அமைப்பு தவறுவதே இல்லை.

ஆர்டர் பட்டியல் இப்படி இருக்கட்டும். சுரங்க நிலையம், முழுச் சுமை ஏற்று. அதையடுத்துப் பக்கத்துப் பணிமனை. பிறகு இறக்கும் நிலையம். அதையடுத்து அங்கேயுள்ள பணிமனை. கடைசியாக உள்ளதை விட்டுவிட்டால் சுமையை இறக்கிய ரயில் 75லேயே காலியாகத் திரும்பும். பணிமனை ஆர்டரில் ‘எப்போதும் போ’ என்ற தேர்வை வையுங்கள். ‘தேவைப்பட்டால் பராமரிப்பு’ என்று வைத்தால், பராமரிப்பு தேவையில்லாத நேரத்தில் ரயில் அந்த ஆர்டரைத் தாண்டிப் போய்விடும். பழுது ஏற்படுவதை அமைப்பில் நிறுத்திவைத்திருப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இது செயற்கையாக இருக்கிறதே என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையில் சரக்கு ரயில் புறப்படும் முன் வண்டிப் பரிசோதகர்கள் பிரேக்கைச் சோதித்து, பிரேக் பவர் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அந்தத் தாள் இல்லாமல் வண்டி நகராது. ஏற்றுமிடத்துக்கு வெளியே உள்ள பணிமனையை அந்தப் பரிசோதனை இடமாக எண்ணிக்கொள்ளுங்கள். என் வரைபடத்தில் அதற்குப் பரிசோதனைத் தடம் என்றே பெயர்ப்பலகை நட்டிருக்கிறேன்.

பணிமனையை முதன்மைத் தடத்தின் மேலேயே வைக்க வேண்டாம். நீளமான ரயில் வேகன் வேகனாக உள்ளே போய், அதே வாயில் வழியாகத் திரும்பி வெளிவரும். அவ்வளவு நேரமும் பின்னால் வருவது நிற்கும். நிலைய வாயிலில் ஒரு கிளைத் தடம் பிரித்து அதன் முடிவில் வையுங்கள். முன்னும் பின்னும் பாதைச் சிக்னல்.

சோதனை

ஒரு எஞ்சின், ஒரே ஒரு வேகன். இதற்கு மேல் முதல் சோதனையில் வேண்டாம். பல வேகன் இருந்தால் எந்த வேகன் வரம்பைக் கீழே இழுக்கிறது என்று பிரித்தறிய முடியாது. எஞ்சின் 100ஐத் தாண்டக்கூடியதாக இருக்கட்டும். ஆட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் கிடைக்கும் கிர்பி பால் டேங்க் மணிக்கு 64 கிலோமீட்டர்தான் ஓடும். அதை மாட்டிவிட்டு 75க்கும் 100க்கும் வேறுபாடு தெரியவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. பிற்கால ஆண்டில் ஆட்டத்தைத் தொடங்குங்கள்.

காலி ரயிலைப் பணிமனையிலிருந்து வெளியே விடுங்கள். விவரச் சாளரத்தில் எடை, திறன், உச்ச வேகம் மூன்றும் இருக்கும். உச்ச வேகம் 100 என்றோ ஒன்று முன்பின்னாகவோ காட்ட வேண்டும். அலகு மாற்றத்தில் அந்த ஒன்று நழுவுவது உண்டு. பிறகு நிலக்கரி ஏற்றுங்கள். 29 டன் ஏறியதும் ‘ஆர்டரைத் தாண்டு’ பொத்தானை அழுத்திப் பணிமனைக்கு அனுப்புங்கள். வெளியே வரும்போது 90. மறுபடி முழுக்க ஏற்றி அனுப்பினால் 75. மூடிய வேகனில் அறுபது பெட்டி ஏற்றினால் 90. இந்த நான்கும் வந்துவிட்டால் விதி சரி. கடைசிச் சோதனை மட்டும் தவறி 100 காட்டினால், வகுத்தல் முந்திக்கொண்டது என்று பொருள். 75 காட்டினால் எங்கோ சதவீதம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் 100 என்றே காட்டினால் வரிசையாகப் பாருங்கள். வேகன் வரம்புத் தேர்வு இயங்குகிறதா, பேரன்ட் என்று எழுதிவிட்டீர்களா, ரயில் பணிமனைக்குள் உண்மையிலேயே போனதா. கடைசியதை அறிய எளிய வழி உண்டு. ஆட்டத்தைச் சேமித்து, மறுபடி திறங்கள். திறந்ததும் வரம்பு சரியாகிவிட்டால் விதியில் குறையில்லை, ஆர்டரில்தான் குறை.

இன்னும் உள்ளே பார்க்க வேண்டுமென்றால், நியூஜிஆர்எஃப் உருவாக்குநர் கருவிகள் என்ற அமைப்பை இயக்கலாம். வண்டிச் சாளரத்தின் தலைப்பில் ஒரு பூச்சிப் படம் தோன்றும். அதை அழுத்தினால் அந்த வேகனின் மாறிகள் எண்களாக விரியும். கோப்பைத் திருத்தி மறுபடி தொகுத்த ஒவ்வொரு முறையும் விளையாட்டை மூடித் திறக்கவும் வேண்டாம். கட்டளைச் சாளரத்தில் ரீலோட்_நியூஜிஆர்எஃப்ஸ் என்ற கட்டளை புதிய கோப்பை எடுத்துக்கொள்ளும். சோதனைக்கென்று வைத்திருக்கும் ஆட்டத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். மாதக்கணக்கில் வளர்த்த ஆட்டத்தில் தொகுப்பை நடுவில் மாற்றினால் வண்டிகள் கெட்டுப்போகக்கூடும்.

நம் பாதையில் ஓடவிடும்போது

விதி வேலை செய்யத் தொடங்கியதும் தடங்களைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை ஏறக்குறைய 84 கிலோமீட்டர். நடுவில் நிற்காமல் 100இல் ஓடினால் ஐம்பது நிமிடம், 75இல் ஓடினால் 67 நிமிடம். ஒரே தடத்தில் பின்னால் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் வந்தால் அந்தப் பதினேழு நிமிடத்தை எங்கே வைப்பது? லத்தேரி, குடியாத்தம், மேல்பட்டி, ஆம்பூர், வாணியம்பாடி என்று வழியில் உள்ள நிலையங்களில் சரக்கு ரயில் ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். விளையாட்டிலும் அப்படி லூப் லைன் வேண்டும். லூப் லைனின் நீளம், உங்கள் மிக நீளமான சரக்கு ரயிலைவிட ஒரு கட்டமாவது கூடுதலாக இருக்கட்டும். வால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் ஒதுங்கியும் பயனில்லை.

நான் என் வரைபடத்தில் பாதையை வாலாஜா ரோட்டிலிருந்து தொடங்கினேன். 1856 ஜூலை 1 அன்று சென்னை ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து சேர்ந்த இடம் அது. பழைய வட ஆற்காட்டுக்காரனுக்கு வேறு எங்கிருந்தும் தொடங்க மனம் வராது. மேற்கே ஜோலார்பேட்டையில் ஏலகிரி மலையின் அடிவாரத்தை ஒட்டிப் பாதை ஏறுகிறது. ஏற்றத்தில் வேக வரம்பும் இழுவையும் வேறு வேறு என்பது அங்கே நன்றாகத் தெரியும். 75 வரை போக அனுமதி இருக்கும், எஞ்சினோ 40இல் மூச்சு வாங்கும். அப்படி நடந்தால் விதியில் கை வைக்காதீர்கள், இன்னொரு எஞ்சின் மாட்டுங்கள். ஆம்பூர் ரயிலோ அதே ஏற்றத்தில், அதே எஞ்சினோடு, இவ்வளவு திணறாது. அதன் கனம் அவ்வளவுதான்.

கலப்பு ரயில் விடுபவர்களுக்கு ஒன்று. தோல் பெட்டி வேகன்களுக்கு நடுவே நிலக்கரி ஏற்றிய ஒரே ஒரு வேகனைக் கோத்தாலும் முழு ரயிலும் 75க்கு இறங்கிவிடும். ஆம்பூரில் அந்த ஒன்றைக் கழற்றி வேறு ரயிலில் சேர்த்துப் பாருங்கள். மீதி ரயில் பணிமனைக்குள் போய் வெளியே வரும்போது விவரச் சாளரத்தில் 90 என்று மாறியிருக்கும்.